பசியை ஏமாற்றும் பொட்டலம்

கள்ளக்குறிச்சி என்றாலே இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன் மாதம்தான் ஞாபகம் வருகிறது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சட்டசபை, விசாரணை, நிவாரணம் என்று நாடே அதைப் பேசியது. ஆனால் அதே மாவட்டத்தில், சின்னசேலம் பக்கம் சட்டைப் பைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும் இன்னொரு சரக்கைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. ஹான்ஸ், கூல் லிப் வகையறா. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் புகையிலை. விடிவதற்கு முன்பே கரும்பு வெட்டக் கிளம்புகிற ஆளிடம் "எதுக்குங்க இது?" என்று கேட்டால், போதைக்கு என்று சொல்ல மாட்டார். "பசி தெரியாதுங்க" என்பார்.

இந்தப் பதிலைச் சாக்கு என்று தள்ளிவிடுவதுதான் படித்தவர்களின் வழக்கம். ஆனால் அவர் சொல்வது அப்படியே உண்மை. அதை நிரூபிக்க மூளை ஆராய்ச்சிக்காரர்களுக்குத்தான் 2011 வரை ஆனது!

பசி வயிற்றில் இருப்பதாக நினைக்கிறோம். கணக்கு எழுதும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அங்கே இரண்டு கோஷ்டி நரம்பு செல்கள் உண்டு. ஒன்று "சாப்பிடு" என்று நச்சரிக்கும். இன்னொன்று "போதும்" என்று கையமர்த்தும். இரண்டும் பேசிக்கொள்வது பெப்டைடுகள் மூலமாக. பெப்டைடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சரம். நச்சரிக்கும் கோஷ்டியின் கையில் இருப்பது நியூரோபெப்டைடு ஒய். 1982-ல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். போதும் என்கிற கோஷ்டியின் கையில் இருப்பவற்றில் ஒன்றுக்குப் பெயர் கார்ட்.

இந்தக் கார்ட்டின் பெயர்க் கதைதான் சுவாரசியம். 1995-ல் டக்ளஸ் என்பவரின் குழு எலிகளுக்குக் கோகைனும் ஆம்ஃபெட்டமினும் கொடுத்து, மூளையில் எந்த மரபணு துள்ளி எழுகிறது என்று தேடியது. அகப்பட்டது இது. அதனால் 'கோகைனாலும் ஆம்ஃபெட்டமினாலும் கட்டுப்படுத்தப்படும் படி' என்று ரயில் வண்டி நீளத்துக்குப் பெயர் வைத்து, பிறகு சுருக்கிக் கார்ட் ஆக்கினார்கள். பசியோடு சம்பந்தம் இருக்கிறது என்று அழுத்தமாகத் தெரிந்தது 1998-ல். எலியைப் பட்டினி போட்டால் ஹைப்போதலாமஸில் கார்ட் குறைகிறது. கார்ட்டை மூளைக்குள் செலுத்தினால் பசித்த எலிகூடத் தட்டை விட்டு நகர்கிறது. நம் நாட்டிலும் நாக்பூரில் சுபேதார், கோக்காரே போன்றவர்கள் பல வருடங்களாக இந்தப் பெப்டைடை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, ஊக்கமருந்தைத் தேடிப் போன கையில் பசியின் சாவி கிடைத்தது. இரண்டு பாதைகளும் மூளையில் அவ்வளவு பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

சரி, புகையிலைக்கு வருவோம். நிக்கோட்டினும் ஊக்கமருந்துதான், சட்டம் அதை அப்படிக் கூப்பிடாவிட்டாலும். 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது இது: நிக்கோட்டின் நேராகப் போய் அந்தப் "போதும்" கோஷ்டியின் செல்களைத் தட்டி எழுப்புகிறது. சாப்பிட்டு முடித்தபோது போகவேண்டிய செய்தி, ஒரு பருக்கைகூட உள்ளே போகாமலே போய்விடுகிறது. ரேஷன் கடையில் அரிசியே வாங்காமல் 'பொருள் பெறப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருமே, அச்சு அசல் அதேதான். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும், வீட்டில் உலை கொதிக்காது. பசி ஆறவில்லை, பசியின் வாயைப் பொத்தியாகிவிட்டது.

குண்டானவர்கள் இளைப்பதற்கு இந்த வழியைப் பயன்படுத்தலாமே என்று உலகம் ஒரு காலத்தில் ஆசைப்பட்டது. ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை அள்ளி அள்ளிக் கொடுத்துப் பட்டார்கள். பசியடக்கி என்று வந்த சிபுட்ராமினை இதய ஆபத்து காரணமாக இந்தியா 2011-ல் தடை செய்தது. பணக்கார நாட்டுக் கவலை அது. சின்னசேலத்தில் இதைப் போடுகிறவர்கள் இளைக்க வேண்டியவர்கள் அல்ல.

இந்த விஷயத்தில் பலர் கவனிக்காத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மருந்து பசியைத் தொடுவது போலவே, பசியும் மருந்தைத் தேட வைக்கிறது. 1979-ல் காரல் என்ற ஆய்வாளரின் குழு எலிகளுக்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தது. போதைமருந்தை அவை எடுத்துக்கொள்ளும் அளவு எகிறியது. பிறகு கோகைன் முதலியவற்றிலும் இதையே கண்டார்கள். எலிக்கும் மனுஷனுக்கும் தூரம் உண்டுதான். ஆனாலும் காலி வயிற்றோடு பள்ளிக்கூடம் வரும் ஒரு பையனைப் பற்றி யோசிக்க இது போதும்.

தமிழ்நாடு 2013-ல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பெட்டிக்கடையில் சோதனை, அபராதம், சீல் எல்லாம் நடக்கட்டும், தேவைதான். ஆனால் தடை என்பது பொட்டலத்தைப் பிடுங்குமே தவிர பசியைப் பிடுங்காது. பிடுங்கினவுடனே, அதுவரை பொத்தி வைத்திருந்த பசி இரண்டு மடங்காகக் கத்தும். புகையை விட்டவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் சோறு இருந்தால் எடை கூடும். இல்லாவிட்டால் மறுபடி பொட்டலம்தான்.

ஆகவே போதை ஒழிப்பில் சேர்க்கவேண்டிய திட்டம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. 2024-லும் 2025-லும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அத்தனை விரிவும் ஐந்தாம் வகுப்பு என்ற கோட்டுக்குள்தான். மதிய உணவோ பத்தாம் வகுப்பு வரை என்று 1984-லேயே ஆகிவிட்டது. புகையிலை உதட்டுக்குள் நுழைகிற வயது எது? பலருக்கு ஆறாம் வகுப்புக்கு மேலேதான். காலைச் சோறு நிற்கிற இடத்தில் கூல் லிப் தொடங்குகிறது.

"சினேகிதக்காரன் கொடுத்துப் பழகினான், பசியாவது ஒன்றாவது" என்று சிலர் சொல்வார்கள். முதல் பொட்டலத்துக்கு அது காரணமாக இருக்கலாம். பத்தாவது பொட்டலம் முதல் பீரியடில் வயிற்றைச் சும்மா இருக்க வைப்பதால் வாங்கப்படுகிறது. பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உயர்நிலைப் பள்ளிகளில் சத்துணவுக் கூடமும் அடுப்பும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. கிராமங்களில் காலை உணவைச் சமைக்கிற மகளிர் குழுக்களுக்கும் கை பழகிவிட்டது. புதிதாக வேண்டியது ரவையும் அரிசியும் பருப்பும் கூலியும். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அடுத்த கவளம் மதியம்தான். அந்த நடுவில் ஒரு தட்டு உப்புமாவோ பொங்கலோ வைத்துவிட்டு, பிறகு அவன் பையைச் சோதனை போடலாம்.