ஆளுக்கேற்ற ஆட்டம்

இந்தியக் கால்பந்து அணி 2024-ஆம் ஆண்டு முழுவதிலும் பதினொரு சர்வதேச ஆட்டங்கள் ஆடி, ஒன்றிலேனும் வெற்றி காணாமல், நான்கே கோல்கள் அடித்தது. அந்த நான்கையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால் அணியைப் பீடித்திருக்கும் குறை எத்தகையது என்பது புலப்படும். ஆப்கானிஸ்தானுக்கு எதிராகச் சுனில் சேத்ரி பெனால்டியில் அடித்தது ஒன்று. கத்தாருக்கு எதிராக விங்கரான சாங்டே அடித்தது ஒன்று. வியட்நாமில், சென்னையின் எஃப்.சி. கழகத்தில் பக்கவாட்டில் ஆடிவந்த பாரூக் சவுத்ரி அடித்தது ஒன்று. மலேசியாவுக்கு எதிராகத் தற்காப்பு வீரர் ராகுல் பேக்கே தலையால் முட்டிச் செலுத்தியது ஒன்று. சேத்ரியை நீக்கிவிட்டுப் பார்த்தால், கோல் முகத்தில் நின்று பந்தை வலைக்குள் அனுப்புவதையே தன் பிரதான காரியமாகக் கொண்டு, அதனையே வாரந்தோறும் தன் கழகத்திலும் செய்துவந்த ஓர் இந்தியர் இந்தப் பட்டியலில் இல்லை.

சேத்ரியோ அவ்வாண்டு ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில், 151 ஆட்டங்களில் 94 கோல்கள் என்னும் கீர்த்தியோடு விடைபெற்றவர். அடுத்த மார்ச் மாதத்தில், நாற்பது வயதில், அவரையே மீண்டும் அழைத்துவர நேர்ந்தது. அழைத்த பயிற்சியாளரையும் வந்த வீரரையும் நான் குறை கூற மாட்டேன். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தேசத்தில் அவருக்கு அடுத்தபடியாக நிற்க ஒருவரைப் பத்தாண்டுகளாக நாம் ஆயத்தம் செய்யாதிருந்தோமே, அதுவே என் வருத்தம்.

ஓர் அணிக்கு ஆட்டமுறையை நிர்ணயிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. உயர்ந்ததென்று ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு, அதற்கேற்ற ஆட்களைத் தேடுவது ஒன்று. கையிலிருக்கும் ஆட்களின் சுபாவத்தையும் சக்தியையும் அளந்தறிந்து, அவர்களுக்கேற்ற முறையை அமைப்பது மற்றொன்று. பணம் கொடுத்து எந்த நாட்டு வீரரையும் வாங்கவல்ல கழகத்துக்கு முதல் வழி பொருந்தலாம். பிறந்த மண்ணின் பிள்ளைகளைக் கொண்டே ஆடவேண்டிய தேசிய அணிக்கு இரண்டாவது வழியன்றி வேறு கதியில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பந்தை விடாமல் தன்வசம் வைத்திருக்கும் முறைக்குப் பேர்போன ஸ்பெயின்கூட, 2012-ல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தைத் தொடங்கியபோது, ஸ்ட்ரைக்கர் என்று ஒருவரையும் நிறுத்தாமல் நடுக்கள வீரரான ஃபாப்ரிகாஸை முன்னே வைத்து ஆடி, இத்தாலியை 4-0 என்று வென்றது. அந்தத் தலைமுறையில் அவர்களுக்கு வாய்த்த செல்வம் நடுக்களத்தில் குவிந்திருந்ததே அதற்குக் காரணம்.

ஆயினும் இந்தப் பாடத்துக்காக நாம் ஸ்பெயின் வரையில் போகவேண்டியதில்லை. ஹைதராபாத்தில் பள்ளியாசிரியராயிருந்து, 1950-லிருந்து தம் மரணம் வரையில் இந்திய அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம் அதை நமக்குக் கண்முன்னே செய்து காட்டினார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அணியை, நான்கே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கின் அரையிறுதிக்குக் கொண்டுசென்றவர் அவர். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் ஆசிய வீரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் முறை. ரஹீமின் விசேஷம், வீரர்களை அவர் பழக்கிய விதத்தில் இருந்தது. பந்தைத் தனியே தட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்னும் விதியோடு ஒரு போட்டி நடத்துவார். வலுவில்லாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்று மற்றொரு போட்டி நடத்துவார். யாரிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை இத்தகைய பரீட்சைகளால் அறிந்துகொண்ட பின்பே, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தார்.

அந்த அறிவின் பலன் 1962-ல் ஜகார்த்தாவில் வெளிப்பட்டது. ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி, தாய்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் வெற்றி கிடைத்தபோதிலும், அணியின் தற்காப்புக்கே தூணாயிருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம், தையல் போடவேண்டியதாயிற்று. வேறொரு பயிற்சியாளராயிருந்தால் அவரை ஓய்வில் அமர்த்தியிருப்பார், அல்லது கட்டுப்போட்ட தலையோடு பழைய ஸ்தானத்திலேயே நிறுத்தியிருப்பார். ரஹீமோ, தற்காப்பின் மையத்தை அருண் கோஷிடம் ஒப்படைத்துவிட்டு, உயரமும் உடல்வலிமையும் அஞ்சாமையும் வாய்ந்த அந்தச் சீக்கியரை அரையிறுதியிலும் இறுதியிலும் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார். இரண்டு ஆட்டங்களிலும் ஜர்னைல் கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜி ஒன்றும் அவர் ஒன்றுமாக அடிக்க, முதலில் நம்மை வென்ற அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

இதனை ஓர் அதிர்ஷ்டமென்று தள்ளிவிடுவோர் உண்டு. நான் அதற்கு உடன்படேன். அந்த அணியின் மகிமை பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் ஆகிய மூவரிடம் இருந்தது. மூவரும் பக்கங்களிலிருந்தோ பின்னாலிருந்தோ வெட்டி நுழைந்து அடிக்கும் சாமர்த்தியம் உடையவர்கள். எதிரணித் தற்காப்பு வீரர்களின் இடிகளைத் தாங்கிக்கொண்டு நடுவில் நிற்கும் பணி இவர்களுடைய இயல்புக்கு உகந்ததன்று. அந்தப் பணிக்கு ஜர்னைல் நின்றதும், எதிரிகளின் கவனம் அவர்மீது திரும்ப, மூவருக்கும் வெளி கிடைத்தது. ரஹீம் அங்கே நடுவில் ஒரு பலத்தை வைத்தது, பக்கங்களிலிருந்த கலையை விடுவிப்பதற்காகவே.

இதற்கு நேர்மாறான உபாயமும் உண்டு. 1953 நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று வென்ற ஹங்கேரி, தன் சென்டர் பார்வர்டு ஹிதெகுட்டியை முன்னே நிறுத்தாமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கச் செய்தது. அவரைப் பின்தொடர்ந்து போனால் கோல் முகம் காலியாகும். போகாவிட்டால் அவர் விருப்பம்போல் பந்தைப் பரிமாறுவார். இன்னது செய்வதென்றறியாமல் இங்கிலாந்தின் தற்காப்பு திகைத்து நின்ற நேரத்தில் அவரே மூன்று கோல்கள் அடித்துவிட்டார். ஆக, ஒரு பயிற்சியாளர் நடுவில் பலசாலியை வைத்தும் வெல்லலாம், நடுவை வெறுமையாக்கியும் வெல்லலாம். இன்ன ஆட்களைக் கொண்டு எதைச் செய்கிறோம் என்னும் தெளிவு அவரிடம் இருந்தாகவேண்டும்.

அந்தத் தெளிவு அண்மைக் காலத்தில் நம்மிடம் குன்றிவிட்டது. 2019 ஜனவரியில் அபுதாபியில் ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் நாம் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அன்று ஆடவைத்த 4-4-2 முறை, பந்தை விரைவாக முன்னே அனுப்பி, இரண்டு முன்னணி வீரர்களைக் கொண்டு தாக்குவது. நயமற்ற முறை என்று அதனைப் பலர் இகழ்ந்தார்கள். அந்தப் போட்டியிலும் முதல் சுற்றோடு வெளியேறினோம் என்பது மெய்யே. ஆயினும் சேத்ரிக்குத் துணையாக அருகில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்ததால் எதிரணியின் தற்காப்பு இரண்டாகப் பிரிந்தது. சேத்ரி இரண்டு கோல் அடித்தார். மாற்று ஆளாக வந்த ஜேஜேயும் ஒன்று அடித்தார். பின்வந்த இகோர் ஸ்டிமாச், பந்தை நம்வசம் வைத்துக் குறுகிய பாஸ்களால் முன்னேறும் முறையை விரும்பினார். 2023-ல் தெற்காசியக் கோப்பையை வென்றபோது அது பலித்ததுபோலத் தோன்றிற்று. ஆனால் அடுத்த ஜனவரியில் கத்தாரில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்க இயலவில்லை. முன்னே சேத்ரி என்னும் ஒற்றை ஆள். அவர் உயரமும் இல்லாதவர், முப்பத்தொன்பது வயதினர். அவரைச் சூழ்ந்து இரண்டு வாட்டசாட்டமான தற்காப்பு வீரர்கள்.

இந்நிலைக்கு மூலகாரணம் லீகில் இருக்கிறது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது களத்தில் ஐந்து இந்தியர் இருந்தாற் போதுமென்றிருந்தது. 2021-22 முதல் ஏழு பேர் இருக்கவேண்டும் என்றாயிற்று. எண்ணிக்கை கூடிற்றேயன்றி, ஸ்ட்ரைக்கரின் ஸ்தானம் நம்மவர்க்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டார் எத்தனை பேர் குறைக்கப்பட்டாலும், கோல் அடிப்பவரைக் கழகம் கடைசியாகவே விட்டுக்கொடுக்கும். தொடங்கிய ஆண்டிலிருந்து 2024-25 வரையில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியரேனும் பெற்றதில்லை. சேத்ரியின் கதையே இதற்குச் சான்று: 2017-18-ல் பெங்களூரு கழகம் வெனிசுவேலாவின் மிகுவை நடுவில் நிறுத்தி, இந்தியாவின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கரை இடப்பக்கத்துக்கு அனுப்பியது. அங்கிருந்தும் அவர் 14 கோல் அடித்தார் என்பது அவருடைய மேதைமை. அவ்வாறு ஒதுக்கப்படும் மற்ற இளைஞர்களிடம் அந்த மேதைமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி., மிசோரத்தின் ஜேஜேயை நடுவில் வைத்து ஆடிப் பட்டம் வென்றது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் ஜேஜே இரண்டும் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஒன்றும் அடித்ததை நேரு விளையாட்டரங்கில் கண்டவர்கள், இந்திய ஸ்ட்ரைக்கரைக் கொண்டு கோப்பை வெல்ல முடியாதென்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீலிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எளிய வசதிகளோடிருந்த ஐஸ்வால் கழகத்தை 2017-ல் ஐ-லீக் பட்டம் வெல்லச் செய்தவர் அவர். உள்ளதைக் கொண்டு ஆடுவது எப்படியென்று அவருக்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை. அடுத்த சேத்ரி எங்கே என்று தேடிக் காலத்தைப் போக்கவேண்டாம். கழகங்களில் பக்கவாட்டில் ஆடிப் பழகிய நம் முன்னணி வீரர்கள், கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தனியே காத்துப் பிறர் வரும்வரை வைத்திருக்கும் வித்தையைக் கற்றவர்களல்லர். அந்தப் பாரத்தை ஒருவர்மேல் சுமத்தாமல் இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கட்டும். சாங்டே, லிஸ்டன் கோலாசோ போன்ற விங்கர்களே இன்று நம்மிடமுள்ள செல்வமாகையால், பந்து விரைவாக அவர்களிடம் சேரவும் அங்கிருந்து கோல் முகத்துக்கு வரவும் தக்கபடி ஆட்டத்தை அமைக்கட்டும். பந்து நம்வசம் குறைந்த நேரமே இருந்தது என்று எவரேனும் கணக்குக் காட்டினால் அதற்காக அவர் வெட்கப்படவேண்டியதில்லை.

2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை நாம் இழந்தோம். அத்தோல்வி தந்திருக்கும் அவகாசத்தை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் வீணாக்கலாகாது. ஒவ்வொரு கழகமும், ஒவ்வொரு ஆட்டத்திலும், முன்னணியின் மையத்தில் ஓர் இந்தியரையாவது தொடக்கம் முதல் நிறுத்தவேண்டும் என்று லீக் விதியிலேயே எழுதவேண்டும். முதல் சில பருவங்களில் கோல்கள் குறையலாம், கழகங்கள் முணுமுணுக்கலாம். அதற்காக அவ்விதியைத் தளர்த்தாமலிருக்கும் உறுதியும் சம்மேளனத்துக்கு வேண்டும்.