அதிர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு

மணிக்கு 90 கிலோமீட்டர் வரை எந்தக் குறையும் தெரியாது. 100-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் லேசாக உதறத் தொடங்கும், 110-இல் அது உச்சத்துக்குப் போகும், 130-ஐத் தாண்டினால் வந்த சுவடே இல்லாமல் அடங்கிவிடும். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. அதற்கு நடக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் வீல் பேலன்சிங், அது பலிக்காவிட்டால் அலைன்மென்ட். பிறகு புஷ், டை ராடு, பால் ஜாயின்ட், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றி, கடைசியில் நான்கு டயரும் புதிதாகும். இவ்வளவு செலவில் எந்த இடத்திலும் கோளாறு கண்டறியப்படவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஊகித்தார்கள், மாற்றினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், மறுபடி ஊகித்தார்கள். சுழலும் பொருளிலிருந்து வரும் அதிர்வு தான் பிறந்த இடத்தின் அடையாளத்தைத் தன் வேகத்திலேயே சுமந்து வருகிறது. அதை அளக்காமல் ஸ்பேனரை எடுப்பது வாடிக்கையாளரின் பணத்தைச் சோதனைக்கு விடுவது. அளப்பதையே தனி வேலையாக மதித்து, அதற்குத் தனிக் கூலி கேட்கவும் கொடுக்கவும் பழக வேண்டும்.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர் பெற்று, அடுத்தடுத்த தலைமுறைகளோடு 2016-இல் 10 லட்சமாவது கார் என்ற எண்ணிக்கையை எட்டிய வண்டி அது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெரிய செடானின் பாரமும் தடித்த ரப்பரும் விழுங்கிவிடும் சின்ன உதறல், இதில் நேராக ஓட்டுநரின் கைக்கு வந்துவிடும். ஆகவே கற்றுக்கொள்ளவும் இது நல்ல வண்டி. அதன் டயர் அளவு 185/60 ஆர்14. சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது சக்கரம் நொடிக்குச் சுமார் 17 முறை சுற்றுகிறது. 1.6 லிட்டர் என்ஜினும் மேனுவல் கியரும் கொண்ட வண்டியில் டிஃபரன்ஷியல் விகிதம் 4.3. எனவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 73 முறை சுற்றும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.81 என்பதால் என்ஜின் நொடிக்கு 60 முறையை ஒட்டி, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 3,600 முறை சுற்றும். ஒரே காரில், ஒரே கணத்தில், 17, 73, 60 என்று ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வழியே இல்லாத மூன்று எண்கள். அதிர்வு நொடிக்கு 17 முறை வருகிறதா, 73 முறை வருகிறதா என்று தெரிந்த மறுகணமே காரின் முக்கால் பங்கு உறுப்புகள் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடும்.

இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. முதல் கட்டத்துக்குக் கருவியே வேண்டாம், ஒழுங்கான கேள்விகள் போதும். அதே 110 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு இறங்கினால் என்ஜின் சுற்று மாறுகிறது, சக்கரச் சுற்று மாறுவதில்லை. உதறல் அப்படியே இருந்தால் என்ஜினும் கிளட்சும் குற்றவாளி அல்ல. நியூட்ரலில் விட்டு உருளவிட்டும் (என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அணைக்கவே கூடாது) உதறல் குறையவில்லை என்றால் அந்த முடிவு உறுதியாகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வருவதும், பிரேக் போடும்போது மட்டும் வருவதும் வேறு வேறு கோளாறுகள். பின்னதை டிஸ்க்கின் தடிமன் வேறுபாட்டில் தேட வேண்டும், பேலன்சிங் மெஷினில் அல்ல. கைக்குத் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கைக்குத் தெரிந்தால் பின்சக்கரமோ ஷாஃப்டோ. முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் பூட்டியதும் உதறல் கையிலிருந்து இருக்கைக்கு இடம்பெயர்ந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது. இந்தச் சோதனைகளை நெரிசலான சாலையில், சட்டம் அனுமதிக்காத வேகத்தில் செய்யக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பந்தயத் தடமோ, சக்கரத்தை உயர்த்தி ஓடவிடும் வசதி கொண்ட பட்டறையோ இருக்கிறது.

அதிர்வு 130-க்கு மேல் அடங்கிவிடுவதைக் கண்டு, கோளாறு சின்னதுதான் என்று பலர் தேற்றிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் இயற்பியல் நம் உள்ளுணர்வுக்கு எதிராக நிற்கிறது. எடைச் சமனின்மையால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ரிம்மின் ஓரத்தில், மையத்திலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 10 கிராம் மிகையாக இருந்தால், 55 கிலோமீட்டர் வேகத்தில் அது அரைக் கிலோ எடைக்கு ஈடான இழுவை. 110-இல் அதுவே 2 கிலோ, நொடிக்கு 17 தடவை. 130-இல் அது இன்னும் கூடுகிறதே தவிர குறைவதில்லை. குறைவது காரின் எதிர்வினை மட்டும்தான். சஸ்பென்ஷனோடு சேர்ந்த சக்கரத்துக்கும் ஸ்டியரிங் அமைப்புக்கும் தமக்கென்று இயல்பான துடிப்பு வேகம் உண்டு; சக்கரச் சுற்று அதோடு ஒத்துப்போகும் இடத்தில் உதறல் பெரிதாகிறது, கடந்ததும் சிறிதாகிறது. இந்த உண்மை புரிய எஞ்சினியரிங் உலகுக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுழலும் தண்டு நிலைத்து ஓடவே முடியாது என்று 1869-இல் ராங்கின் என்ற பேரறிஞர் எழுதினார். அந்த வேகத்தைத் தாண்டி அமைதியாகச் சுற்றும் நீராவி டர்பைனை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வீடனின் டி லவால் ஓட்டிக் காட்டினார். ஏன் அப்படி என்பதை 1919-இல்தான் ஜெஃப்காட் என்பவர் தெளிவாக விளக்கினார். ஆகவே அடங்கிப்போன அதிர்வு குணமான அதிர்வு அல்ல. அந்த வேகத்திலும் பேரிங்கும் ஜாயின்டுகளும் அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கின்றன.

பேலன்சிங் செய்தும் போகவில்லையே என்பது அடுத்த புகார். மெஷின் பூஜ்யம் காட்டிய பிறகும் உதறல் தொடர்வதற்குக் குறைந்தது இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, சாதாரண மெஷின் சக்கரத்தைக் காற்றில் சுழற்றுகிறது. சாலையில் அது காரின் பாரத்தைத் தாங்கிச் சுழல்கிறது. டயரின் ஒரு பகுதி மற்றதைவிடச் சற்று விறைப்பாக இருந்தாலோ, ரிம் வட்டம் தப்பியிருந்தாலோ, எடை சமமாக இருந்தும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்து விழும். டயர்மீது உருளையை அழுத்திச் சுழற்றி இந்தக் குறையை அளக்கும் மெஷின்கள் இருக்கின்றன. புதிய டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் வைத்திருப்பதும் சும்மா அல்ல. மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடத்தைக் காட்டும், அது வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்பு, டயர் மிகத் துருத்தும் அல்லது விறைக்கும் இடம். ரிம்மின் தாழ்ந்த பகுதியோடு அதைப் பொருத்த வேண்டும். டயர் மாட்டும்போது யாராவது இதைக் கவனிக்கிறார்களா என்று நின்று பார்த்தாலே கடையின் தரம் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது, ஆனால் பேசப்படுவதே இல்லை. மெஷின் சக்கரத்தை அதன் நடுத்துளையை வைத்து மையப்படுத்துகிறது. கார் அதே மையத்தில் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் ஹப் விட்டம் 54.1 மில்லிமீட்டர். கடையில் தனியாக வாங்கும் அலாய் வீல்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக அதைவிடப் பெரிய துளையோடு வருகின்றன, இடைவெளியை நிரப்ப வளையம் போடுகிறார்கள். வளையம் காணாமல் போய், சக்கரம் தரையில் ஊன்றிய நிலையில் நட்டுகளைக் கன் வைத்து முறுக்கினால், சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகி உட்காரலாம். டயரோடு சேர்ந்து 15 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகுவது, ரிம்மின் ஓரத்தில் 40 கிராம் ஈயத்தை ஒட்டியதற்குச் சமம். 5 கிராம் துல்லியத்துக்குப் பேலன்சிங் செய்துவிட்டு, பூட்டும்போது 40 கிராம் பிழையைச் சேர்த்துக்கொள்கிறோம். ஹப் முகத்தில் படிந்த துருவும் இதே வேலையைச் செய்யும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, டார்க் ரெஞ்சில் முடிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இதை எதிர்த்து, கையை வைத்தாலே எங்களுக்குத் தெரியும், புஷ் மாற்றினோம், நின்றுவிட்டது, இதற்கு எதற்குக் கணக்கு என்று கேட்கலாம். அவருடைய கைக்கு நான் உரிய மரியாதை தருகிறேன். பல நேரம் அது சரியாகவே சொல்லும். ஆனால் புஷ் மாற்றி நின்ற அதிர்வு, புஷ்ஷிலிருந்து பிறந்தது அல்ல. புஷ் சுழல்வதில்லை. டை ராடும் சுழல்வதில்லை. சுழலாத பொருள் நொடிக்கு 17 முறை துடிப்பை உண்டாக்க முடியாது. எங்கோ பிறந்த துடிப்பை அடக்கத் தவறலாம், அவ்வளவுதான். தேய்ந்த புஷ்ஷை மாற்ற வேண்டியது அவசியம், அதில் சந்தேகமில்லை. அதோடு நிறுத்திக்கொண்டால் புதிய புஷ் பழைய உதறலைத் தாங்கித் தாங்கித் தேயும், சில காலத்தில் அதே புகார் திரும்பும். தலைவலியைத் தணித்த மாத்திரை தலைவலியின் காரணத்தைச் சொல்லிவிடாது. இதே எம்எக்ஸ்-5 காரில் இன்னொரு தவறான தீர்ப்பும் எளிதாக நேரும். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கிளட்ச் வேலைக்காக அதைக் கழற்றிவிட்டு, உரிய உயரத்தில் திரும்பப் பூட்டாவிட்டால் ஷாஃப்டின் கோணம் கெடும். யுனிவர்சல் ஜாயின்ட் சுற்றுக்கு இரண்டு முறை துடிக்கும் இயல்புடையது, எனவே 110-இல் நொடிக்குச் சுமார் 146 துடிப்புகள், உதறலாக அல்ல, இருக்கைக்கு அடியில் ரீங்காரமாக. இதற்கு டயர் மாற்றுவதில் என்ன பயன்?

அடுத்த எதிர்ப்பு செலவைப் பற்றியது. பேலன்சிங் மலிவு, முதலில் அதைச் செய்துவிட்டுப் பார்ப்பதில் என்ன தவறு? தவறே இல்லை. அறிகுறி சக்கரச் சுற்றோடு ஒத்துப்போகிறது என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு செய்தால் அது நியாயமான முதல் படி. அறிகுறியைக் கேட்காமலேயே செய்து, பலிக்காதபோது அடுத்த உறுப்புக்குத் தாவுவதைத்தான் எதிர்க்கிறேன். அலைன்மென்டும் இப்படித்தான் காரணமில்லாமல் எல்லாப் பில்லிலும் ஏறுகிறது. தமிழ்நாட்டின் டயர் கடைகளில் பேலன்சிங்கும் அலைன்மென்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். சக்கரக் கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அந்தத் தேய்மானம் முற்றிப் பின்னாளில் அதிர்வைத் தரலாம், கோணம் மட்டுமே சுழற்சித் துடிப்பை உண்டாக்காது. புதிய கார்களில் கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடுமே என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் மிஸ்ஃபயரைக் காட்டும்; வட்டம் தப்பிய ரிம்மைக் காட்டாது. கைபேசிச் செயலி ஓரளவு உதவும். சக்கரத்தின் 17 துடிப்பை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் நொடிக்கு 100 முறை மட்டுமே அளக்கும் செயலியால் 50-க்கு மேற்பட்ட துடிப்பை நம்பகமாகக் காட்ட முடியாது; ஷாஃப்டின் 73-ஐ 27 என்று பொய்யாகக் காட்டவும் கூடும். அதை வைத்துக்கொண்டு சக்கரத்தில் தேடுபவர் நாள் முழுதும் தேட வேண்டியதுதான்.

ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருந்தால் கணக்கு குழம்பாதா என்று கேட்பவர்களுக்கு, உண்மையில் அப்போதுதான் கணக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பேன். இரண்டு சக்கரங்களில் சமனின்மை இருந்து, அவற்றின் சுற்றளவு கொஞ்சம் வேறுபட்டால், இரண்டு துடிப்பும் சிறிது நேரம் ஒன்றுசேர்ந்து பெருகும், சிறிது நேரம் எதிரெதிராகி அடங்கும். ஓட்டுபவருக்கு உதறல் வந்து வந்து போவதாகத் தெரியும். இப்படி வந்து போவதால்தான் ஒரு சக்கரத்தைச் சரிசெய்தவர் பாதி குணத்தைக் கண்டு திருப்தியடைவதும், அடுத்தவர் அதையே தோல்வி என்று கருதி எல்லாவற்றையும் கழற்றுவதும் நடக்கிறது.

இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல என்பதற்கு ஸ்போர்ட்ஸ் கார்களின் வாழ்க்கை முறையே காரணம். அவை ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்கள் அதிகம். நின்ற இடத்தில் டயர் தட்டையாகும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் உதறல் மறைந்தால் அதுதான் காரணம். மறையாவிட்டால் ரப்பரின் வயதைப் பார்க்க வேண்டும். பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் முதுமை அடைந்திருக்கும். தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்க எண் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் இருக்கிறது. 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும் அது குறித்துவைத்தது. பழைய டயரின் உள்ளடுக்கு பிரியத் தொடங்கும்போது, திடீரென்று தோன்றி நாளுக்கு நாள் வளரும் உதறல்தான் பல சமயம் முதல் எச்சரிக்கை. அப்படிப்பட்ட வண்டியை வேகச் சோதனைக்கு ஓட்டவே கூடாது. முதலில் டயரைக் கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும்.

பட்டறைகள் மட்டுமே இதற்குப் பொறுப்பல்ல. உறுப்பை மாற்றினால் காசு கொடுப்போம், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அளந்து, இன்னது அல்ல என்று சொன்னால் கொடுக்க மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்கள் நாம்தான். எதுவும் கழற்றாமல் கூலியா என்ற கேள்விக்கு அஞ்சியே கெட்டிக்கார மெக்கானிக்கும் கழற்றுகிறார். பில்லில் கண்டறிதலுக்குத் தனி வரி வரட்டும். எந்த வேகத்தில் தொடங்கியது, எதில் உச்சம், கியர் மாற்றியதும் மாறியதா, கையிலா இருக்கையிலா, நான்கு சக்கரங்களிலும் ரிம் எவ்வளவு விலகியிருந்தது, வேலைக்குப் பின் எவ்வளவு ஆனது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கட்டும். ஒருவேளை முதல் முயற்சி தோற்றாலும், அந்தத் தாளோடு போகிறவர் அடுத்த பட்டறையில் மறுபடி பேலன்சிங்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.