பள்ளிக்கூடத்துக்குப் பாய் விரித்தீர்கள், பிரஜாவுரிமைக்கு?

'சர்வாதிகாரத்தின் கீழ் திருச்சபை' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். நம்ம பாதர்மாரும் பாஸ்டர்மாரும் அடுத்த நிமிடமே ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள். ஹிட்லர், பொன்ஹோபர், தூக்குமேடை, உருக்கமான ஒரு ஜெபம், பிறகு தேத்தண்ணி. கேட்டுக்கொண்டிருக்கிற பொடியனும் பொட்டையும் லயத்திலிருந்து வந்தவர்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

எங்கள் குழுவில் பாதிப்பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மீதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஒன்றிரண்டு பேர் எதையுமே கும்பிடாதவர்கள். ஆனால் எல்லோருடைய தாத்தாவும் பாட்டியும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்றவர்கள்தான். அதனால் இதைக் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது: ஜெர்மனி சரி, டிக்கோயாவில் என்ன செய்தீர்கள்?

சர்வாதிகாரம் என்றால் மீசை வைத்த ஒரு ஆள் மேடையில் கத்துவது மட்டுமில்லை. மனுசனுடைய முழு வாழ்க்கையும் ஒரே கையில் இருப்பதுதான் அது. தோட்டத்தை யோசித்துப் பாருங்கள். குடியிருக்கிற காம்பரா துரையுடையது. வேலை அவருடையது, அரிசி அவருடையது, டிஸ்பென்சரி அவருடையது, பிள்ளைக்காம்பரா அவருடையது. பேர் போடுவதும் பேர் வெட்டுவதும் அவர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கங்காணியிடம் கடன் தீர்த்துத் துண்டு வாங்க வேண்டும். கடைசியில் புதைக்கிற இடமும் அவர் காட்டுகிற இடம்தான். கொழும்பில் பாராளுமன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும், காம்பராவுக்குள் இருந்தவனுக்கு அரசாங்கம் என்பது பங்களாதான்.

இந்த ஆட்சிக்குள் சபை எப்படி வந்தது? 1854-ல் அங்கிலிக்கன் மிஷனரிகள் இங்கே ஆரம்பித்த வேலைக்கு வைத்த பெயரே 'தமிழ் கூலி மிஷன்'. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். உபதேசியார் தோட்டத்துக்குள் வருவார், பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுப்பார், போவார். அந்த எழுத்தை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் வீடுகளில் முதலில் கையெழுத்துப் போட்ட ஆளைத் தேடினால் பல இடங்களில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் வந்து நிற்கும். ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். உபதேசியார் நடந்து வந்த அதே ரோட்டில் சங்கக்காரன் வந்தால் அது அத்துமீறல், அதற்குப் பொலிஸ். 1937-ல் பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்காரச் சின்னதுரை தொழிலாளர் பக்கம் பேசினார் என்பதற்காக அவரையே நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். உபதேசியாரை மட்டும் ஏன் விட்டார்கள்? அவரால் பங்களாவுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று துரைக்குத் தெரியும்.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878-ல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுக்கிற அழகான இடம். அங்கே துரைமாருடைய கல்லறைகளில் பெயர், ஊர், வயசு எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. தேயிலைத் தூருக்கடியில் போனவர்களுக்குக் கல் இல்லை.

இனி 1948-க்கு வருவோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருசமே 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் வாக்குரிமையும் போனது. வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம் என்று அதே வருசம் இன்னொரு சட்டம்: கலியாணம் கட்டியவர் 7 வருசம், கட்டாதவர் 10 வருசம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இங்கே 3 லட்சம், மீதி 1½ லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். ஆடு மாடு பிரிக்கிறபோது கூடத் தாயையும் குட்டியையும் சேர்த்து விடுவார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அந்தக் கோச்சியை மறித்து எந்த ஆயர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்?

இதைக் கேட்டால் உடனே பதில் வரும்: "தம்பி, நாங்க சிறுபான்மை. வாயைத் திறந்தா அடி சனத்துக்குத்தான் விழும்." இது லேசான பதில் இல்லை. 2012 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர், மற்றச் சபைக்காரர் எல்லோரையும் சேர்த்தாலும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் சொச்சம்தான். பயம் நியாயமானது. ஆனால் பயந்தவர்கள் எல்லா நேரமும் பயந்துகொண்டா இருந்தார்கள்?

1960-ல் சிறிமாவோ அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைக் கையேற்கச் சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து இரவு பகலாக உட்கார்ந்தார்கள். தாய்மார், பிள்ளைகள் எல்லோரும். அரசாங்கம் ஆடிப்போனது. கடைசியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசும் அளவுக்கு விசயம் போனது. அப்போதும் சிறுபான்மைதான். அப்போதும் அடி விழக்கூடிய நிலைமைதான். அதே பிரதமர் நான்கு வருசத்துக்குப் பிறகு ஐந்தேகால் லட்சம் மனுசரைக் கப்பலேற்றக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாய்களை மடித்து எங்கே வைத்திருந்தீர்கள்?

எங்கள் குற்றச்சாட்டு இதுதான். சபைக்கு எதிர்க்கத் தெரியும், நல்லாவே தெரியும். தன்னுடைய கட்டடம், தன்னுடைய பள்ளிக்கூடம், தன்னுடைய பிணம் என்று வரும்போது தெரியும். 2004-ல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது நீதிமன்றம் வரை போனார்கள், சரியாகவே போனார்கள். 2012-ல் ஜெனீவாவில் இலங்கையைப் பற்றித் தீர்மானம் வந்தபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை எதிர்த்துப் பேசினார். 2019 ஏப்ரல் 21-க்குப் பிறகு, 2022-ல், நீதி கேட்டு அதே ஜெனீவாவுக்குப் போனார். உயிர்த்த ஞாயிறில் செத்தவர்களுக்கு நீதி வேண்டும், அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் 2011-லேயே மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 1,46,679 பேருக்குக் கணக்குக் கேட்டாரே, அப்போது ஜெனீவா மட்டும் ஏன் கசந்தது?

பெருமையாகச் சொல்கிற ஜெர்மனியிலும் இதே கதை இருக்கிறது. 1934 மே மாதம் பார்மனில் கூடி அறிக்கை விட்டார்கள், கார்ல் பார்த் எழுதினார். சபையின் தலைவர் கிறிஸ்து, ஹிட்லர் இல்லை என்று துணிச்சலாகச் சொன்னது அந்த அறிக்கை. யூதர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகப் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காரனின் உயிருக்காகப் பேசவில்லை. பார்த் பிற்காலத்தில் அதைத் தன் குறையாக ஒப்புக்கொண்டார். நம்ம பிரசங்கங்களில் இந்தப் பகுதி மட்டும் வருவதே இல்லை.

இப்படிச் சொல்வதால் எல்லோரையும் ஒரே கூடையில் போடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஆயர் லியோ நாணயக்கார கண்டி மறைமாவட்டத்தை விட்டு, 1972-ல் புதிதாக உருவான ஏழை மறைமாவட்டமான பதுளைக்குப் போனார். அதே வருசம் இயேசு சபைக் குரு போல் கஸ்பேர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தை ஆரம்பித்தார். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தபோதும், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணிச் சுவீகரிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் சுடப்பட்டபோதும், தோட்ட மக்களைப் பற்றிச் சிங்களச் சனத்திடம் போய்ப் பேசிய ஆட்களில் அவர் ஒருவர். 1979-ல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே வருசம், இனங்களுக்கிடையில் நீதி கேட்கும் இயக்கத்துக்குத் தலைவராக நின்றார். 1983 ஜூலைக்குப் பிறகு குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர்கள் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சொந்தச் சனத்திடமே சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே செத்துப்போனார். அப்போது ஜே.ஆர். அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த ரணில் இவருடைய அண்ணன் மகன். 2022-ல் அந்த ரணில் ஜனாதிபதியான கையோடு, அறகலயவில் நின்ற பாதர் ஜீவந்த பீரிசைத் தேடிப் பொலிஸ் தேவாலயத்துக்கே போனது. ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு வேதாகமம் போலிருக்கிறது.

இவர்களுடைய படங்களை மாட்டி நினைவுப் பேருரை வைக்கிறார்கள். பேருரை முடிந்ததும் வழக்கம் போல ரோமர் 13: அதிகாரத்துக்குக் கீழ்ப்படி. சம்பளத்துக்காகச் சனம் ரோட்டில் நிற்கும்போது பலிபீடத்திலிருந்து 'சமாதானம் உண்டாவதாக'. 1,000 ரூபாய்க்கு 2015-லிருந்து கத்தி 2021-ல்தான் வர்த்தமானி வந்தது. அந்த ஆறு வருசத்தில் உங்கள் ஊர்க் கோயிலில் எத்தனை பிரசங்கத்தில் 'சம்பளம்' என்ற சொல்லைக் கேட்டீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். இப்போது லயத்துக்கு லயம் முளைக்கிற ஜெபக்கூடங்களில் கதை இன்னும் மோசம். அங்கே வறுமை என்பது பிசாசின் கட்டு, விடுதலை என்பது தசமபாகம். துரைக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

2023 ஜூலை 28-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் போனது. 200 வருசத்துக்கு முன் எங்கள் ஆட்கள் நடந்து வந்த பாதை. அதை நடத்தியவர்களில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. சபைக்காரர்கள் வெயிலில், கால் கொப்பளிக்க, எங்களோடு நடந்தார்கள். மறக்க மாட்டோம். ஆனால் நடந்து முடித்து வந்த பிறகும் லயம் லயமாகத்தான் இருக்கிறது, காணி கம்பனியிடம்தான் இருக்கிறது.

ஆகவே எங்களுக்குப் பேருரை வேண்டாம், ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மலையகத்தின் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு இருக்கின்றன. இன்னாருடைய மகன், இன்ன தோட்டம், இன்ன திகதி என்று எழுதி வைத்தவை. இத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் இருந்தோம் என்பதற்கு எங்கள் கையில் இல்லாத சாட்சி உங்கள் அலுமாரியில் இருக்கிறது. காணி உறுதி கேட்டுப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கிற சனத்துக்காக அதைத் திறங்கள். பூச்சி அரித்ததை ஒட்டி, பிரதி எடுத்து, கேட்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பார்க்காமல் கொடுங்கள். எழுத, ஸ்கேன் பண்ண ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்களுக்கு வேலை இல்லை.