கொள்ளை நோயும் ஓட்டுப் பெட்டியும்

வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தால் கல்யாணத்தைத் தள்ளி வைப்பது நம் ஊர் வழக்கம். தேர்தலையும் அவ்விதம் தள்ளி வைக்கலாமா? 2020-ல் கொரோனா உலகெங்கும் பரவியபோது, தேர்தல் வரவிருந்த ஒவ்வொரு நாடும் இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன விடைகள் பலவிதம். பரபரப்பு அடங்கிவிட்ட பிறகு அவற்றை ஆற அமர எண்ணிப் பார்ப்பது நல்லது. இன்னொரு நோய் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. தேர்தலோ நிச்சயம் வரும்.

முதலில் தென் கொரியா. போர் நடந்துகொண்டிருந்த 1952-லேயே ஜனாதிபதித் தேர்தலை நடத்திய நாடு அது. 2020 ஏப்ரல் 15-ந் தேதி பார்லிமெண்டுத் தேர்தலைக் குறித்த நாளில் நடத்தியது. வாக்குச் சாவடி வாசலில் ஒவ்வொருவருக்கும் உடல் வெப்பம் பார்த்தார்கள். கைக்கு உறை கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டவர்களுக்குத் தனி அறை. வீட்டில் தனித்திருக்க உத்தரவிடப்பட்டவர்கள், மற்றவர்கள் ஓட்டளித்து முடிந்த பின் மாலையில் வந்து ஓட்டளித்தார்கள். நூற்றுக்கு 66 பேருக்கு மேல் ஓட்டளித்தார்கள். 1992-க்குப் பிறகு அந்நாட்டுப் பார்லிமெண்டுத் தேர்தலில் அவ்வளவு பேர் ஓட்டளித்ததில்லை. இதில் மாயம் ஒன்றுமில்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதை எல்லோருக்கும் தெரிவித்து, தெரிவித்தபடி செய்தார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கு தேர்தல் நாள் 1845-ம் ஆண்டுச் சட்டப்படி நிர்ணயமாகிறது. உள்நாட்டுப் போர் நடந்த 1864-லும், விஷக் காய்ச்சல் பரவிய 1918-லும், உலகப் போரின் நடுவே 1944-லும் அந்த நாள் மாறவில்லை. 2020 ஜூலை 30-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப், தேர்தலைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டபோது, அவருடைய கட்சித் தலைவர்களே அன்றே அதை ஏற்க மறுத்தார்கள். நாட்டின் மரபு கட்சியை விடப் பெரிது என்று அன்று அவர்கள் காட்டியதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் நாள் மாறாவிட்டாலும் முறைகள் மாறின. தபால் ஓட்டுக்கான விதிகளை மாநிலத்துக்கு மாநிலம் அவசர அவசரமாக மாற்றினார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் தபால் மூலம் ஓட்டளித்தார்கள். தபால் ஓட்டுகளை முன்னதாகவே எண்ணத் தயார் செய்ய அனுமதித்த புளோரிடாவில் அன்று இரவே முடிவு தெரிந்தது. தேர்தல் நாள் வரை உறையைப் பிரிக்கவே கூடாது என்ற விதி இருந்த பென்சில்வேனியாவில் நாட்கள் கடந்தன. நவம்பர் 3-ந் தேதி நடந்த தேர்தலில் வெற்றி யாருக்கு என்பது 7-ந் தேதிதான் தெளிவாயிற்று. அந்த நான்கு நாட்களில் வதந்தி நான்கு திசையிலும் பரவியது. முடிவை எதிர்த்துத் தொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் அநேகமாக எல்லாமே தோற்றன. ஆயினும் 2021 ஜனவரி 6-ந் தேதி ஒரு கூட்டம் பார்லிமெண்டுக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்றினால், மாற்றம் நல்லதாகவே இருந்தாலும், தோற்பவர் மனத்தில் சந்தேகம் புகும். சந்தேகத்தை வளர்த்து லாபம் தேடுவோருக்கும் அது வசதியாகும்.

தள்ளி வைத்த நாடுகளும் உண்டு. நியூஸிலாந்தில் பிரதமர் எல்லாக் கட்சித் தலைவர்களையும் கலந்து பேசி, தேர்தலைச் சரியாக நான்கு வாரம் ஒத்தி வைத்தார். சொன்ன நாளில், 2020 அக்டோபர் 17-ல், அது நடந்தது. ஹாங்காங்கிலும் நோயைக் காரணம் காட்டி 2020 செப்டம்பரில் நடக்க வேண்டிய சட்டசபைத் தேர்தலை ஓராண்டு ஒத்தி வைத்தார்கள். அதற்குள் தேர்தல் சட்டமே மாறிவிட்டது. 70 இடங்களில் 35 இடங்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து வந்தது போய், 90 இடங்களில் 20 மட்டுமே அவர்கள் பங்கு என்றாயிற்று. 2021 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது நூற்றுக்கு 30 பேர்தான் ஓட்டளித்தார்கள். இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றே. அங்கே குறுகிய தவணை, அனைவர் சம்மதம். இங்கே நீண்ட தவணை, ஆட்சியாளர் விருப்பம். தேர்தல் நாளைத் தள்ளும் அதிகாரத்தை ஆட்சியில் இருப்பவரிடம் மட்டும் விடுவது ஆபத்து. 1976-ல் நெருக்கடி நிலையின்போது லோக்சபையின் ஆயுள் நீட்டப்பட்டதைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, 2021-ல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் சட்டசபைத் தேர்தல்களை நடத்தியது தவறு என்று கூற முடியாது. நடத்திய விதத்தில் தவறு இருந்தது. சாவடிக்குள் முகக் கவசம், கையுறை, இடைவெளி. சாவடிக்கு வெளியே, அதற்கு முன் பல வாரங்கள், தோளோடு தோள் இடிக்கும் பிரசாரக் கூட்டங்கள். மேற்கு வங்கத்தில் மார்ச் 27 முதல் ஏப்ரல் 29 வரை எட்டுக் கட்டங்களாக ஓட்டுப்பதிவு நீண்டது. கூட்டத்துக்கு ஐந்நூறு பேர் என்ற வரம்பைத் தேர்தல் கமிஷன் விதித்தது ஏப்ரல் 22-ல்தான். 26-ந் தேதி சென்னை ஹைகோர்ட் கமிஷனை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தது. அச்சொற்கள் அளவு மீறியவை என்று சுப்ரீம் கோர்ட் பின்னர் கருதியது. சொல் கடுமையாக இருந்திருக்கலாம். கூட்டங்களைக் காலத்தில் கட்டுப்படுத்தவில்லை என்ற குறை மறையவில்லை. உத்தரப் பிரதேசப் பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்குச் சென்ற ஆசிரியர்களிலும் ஊழியர்களிலும் பலர் நோய் கண்டு இறந்தார்கள். குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் என்று மாநில சர்க்கார் நஷ்டஈடு தந்தது. போன உயிருக்கு அது ஈடாகாது.

இவ்வளவும் சொந்த ஊரில் இருக்கும் வாக்காளரைப் பற்றிய பேச்சு. பிழைப்புக்காக வெளியூர் போனவர் கதி என்ன? சிறப்பாகத் தேர்தல் நடத்திய தென் கொரியாவில்கூட, வெளிநாட்டில் வசித்த வாக்காளர்களில் பதிவு செய்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரால் ஓட்டளிக்க முடியவில்லை; பல நாடுகளில் தூதரகச் சாவடிகள் திறக்கப்படவில்லை. இங்கே, தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு 2021 ஏப்ரல் 6-ந் தேதி. மகாராஷ்டிரத்தில் அதற்கு முந்திய நாள் இரவுதான் புதிய கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தன. மும்பையில் உள்ள தொழிலாளி திருநெல்வேலிக்கு ரயில் ஏறியிருந்தால் திரும்பி வந்து வேலையில் சேர முடியுமா என்பது அவருக்கே தெரியாது. நோய் இல்லாத காலத்திலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. ஓட்டுப்பதிவு நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு என்று சட்டம் சொல்கிறது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றால் அந்தக் கூலியை யார் தருவார்?

ராணுவத்தினருக்குத் தபால் ஓட்டு உண்டு. வீடிழந்து வந்த காஷ்மீர மக்களுக்கு ஜம்முவிலும் டில்லியிலும் தனிச் சாவடி உண்டு. கொரோனா நோயாளிகளுக்கும் 2020-ல் தபால் ஓட்டு வசதி தரப்பட்டது. கூலிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒன்றுமில்லை. 72 தொகுதிகளின் ஓட்டுகளை ஒரே இடத்தில் பதியும் இயந்திரம் ஒன்றின் மாதிரியைத் தேர்தல் கமிஷன் தயாரித்து, 2023 ஜனவரி 16-ந் தேதி கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. வெளியூர்வாசி யார் என்று எப்படி நிர்ணயிப்பது, தூரத்துச் சாவடியில் சிறிய கட்சிகள் ஏஜெண்டை எப்படி வைப்பது என்ற கேள்விகள் நியாயமானவை. கேள்வி நியாயமானது என்பதற்காக விஷயத்தைக் கிடப்பில் போடுவது நியாயமாகாது.

அவசரம் வேண்டியதில்லை. முதலில் ஒரு இடைத்தேர்தலில், ஒரு நகரத்தில், முன்கூட்டியே பெயர் பதிந்து கொண்டவர்களுக்கு மட்டும் காஷ்மீர மக்களுக்கு உள்ளது போன்ற தனிச் சாவடி வைத்துப் பார்க்கலாம். எல்லாக் கட்சியும் கண்காணிக்கட்டும். குறைகளைத் திருத்தி, பிறகு விரிவு செய்யலாம். வெளியூர் வாழ் மக்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். இங்கே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர் இங்கேயே வாக்காளராகப் பதிந்து கொள்ளலாம்; ஊரோடு தொடர்பை விடாதவர் அங்கே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து வர வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்ட விரோதம்.

நோய் வந்த பிறகு விதி செய்தவர்கள் பட்ட பாட்டை உலகம் பார்த்துவிட்டது. விதி செய்யத் தகுந்த காலம் அமைதிக் காலம்தான். தேர்தல் கமிஷனும் கட்சிகளும் அதை வீணாக்காமல் வெளியூர் வாக்காளரின் உரிமைக்கு வழி காண வேண்டும்.