கண்ணாடிப் பெட்டியில் சேலத்துச் சிலந்தி

நாய் வளர்ப்பார்கள்; கிளி வளர்ப்பார்கள். சிலந்தியை வளர்ப்பார்களா?

வளர்க்கிறார்கள்! மேல்நாடுகளில் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தீனி போடுகிறார்கள்.

அவற்றில் ஒன்று நம் பக்கத்துச் சிலந்தி. தொப்பூரை அடுத்த காடையாம்பட்டிப் பகுதியில் காணப்பட்டது. 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேயர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். வெளிநாட்டார் இன்றும் சேலத்தின் பெயரைச் சொல்லித்தான் இதை அழைக்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை!

உள்ளங்கை அகலம் இருக்கும். மரப்பொந்தில் குடியிருக்கும். இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். கடித்தால் தசை பிடித்து இழுக்கும், வலி பொறுக்காது. சீண்டாதவரை அது நம்மிடம் வருவதில்லை.

இப்போது இந்த இனம் அருகி வருகிறது. 2019-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. பிடித்து விற்பவனைத் தடுப்பது சர்க்கார் வேலை. பொந்து விழுந்த கிழமரத்தை விறகுக்கு வெட்டாமல் விடுவது ஊரார் கையில் இருக்கிறது.