கப்பல் தலைவர்களும் நம் பிள்ளைகளும்

பொக்கிஷத்தில் பணமிருந்தால் யுத்தக் கப்பலை அயல் நாட்டிலிருந்தும் விலைக்கு வாங்கிவிடலாம். அதைச் செலுத்தும் அதிகாரியை அப்படி வாங்க இயலாது. சுதந்திர பாரதம் இதை அநுபவத்தில் கண்டது. தரைப்படைக்கு 1949 ஜனவரியிலேயே ஜெனரல் கரியப்பா தலைமை ஏற்றார். கடற்படைக்கோ 1958 ஏப்ரல் வரையில் ஆங்கிலேயரே தலைவர்களாக இருந்தனர். அப்பதவிக்கு வேண்டிய நெடுங்கால அநுபவம் பெற்ற இந்தியர் அதுவரையில் உருவாகாததே காரணம்.

அந்தப் பதவியை முதலில் அடைந்த இந்தியரான ராம்தாஸ் கட்டாரி, நம் திண்டிவனத்துக்கு வடக்கேயுள்ள செங்கற்பட்டில் பிறந்தவர். பம்பாயில் 1927-இல் 'டப்ரின்' என்னும் பயிற்சிக் கப்பல் தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் கோஷ்டி மாணவர்களில் ஒருவர். பயிற்சிக்கும் தலைமைக்கும் இடையே 31 வருஷங்கள்! தென்னம்பிள்ளை வைத்தவன்கூட அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று கேரளத்தின் ஏழிமலையில் 2,452 ஏக்கர் பரப்பில் கடற்படைக் கலாசாலை விளங்குகிறது. 1987-இல் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். திறப்பு விழா நடந்தது 2009-இல். புனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், பிறகு ஏழிமலையில் ஒரு வருஷம், அதற்கப்பால் கப்பலில் பயிற்சி என்று ஓர் இளைஞன் அதிகாரியாகிறான். உண்டி, உடை, புஸ்தகம், வைத்தியம் யாவும் சர்க்கார் செலவு. ஆனால் இடமோ சொற்பம். வருஷத்துக்கு இருமுறை நடக்கும் பரீட்சையில், ஒவ்வொரு முறையும் கடக்வாஸ்லாவில் கடற்படைக்கு ஒதுக்கப்படுபவை 42 இடங்களே. ஏழிமலைக்கு நேராகச் செல்வோருக்குத் தனியே சில இடங்கள் உண்டு.

ஆகவே, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாயிலுக்கு உள்ளே செலவு அதிகமில்லை. வாயிலை எட்டுவதற்குத்தான் செலவு. எழுத்துப் பரீட்சைக்கு 900 மார்க்கு. அதில் கணிதத்துக்கு 300, ஆங்கிலத்துக்கு 200, விஞ்ஞானம், சரித்திரம், பூகோளம் முதலியவற்றுக்கு 400. ஆங்கிலப் பகுதி நீங்கலாக, மற்றக் கேள்விகள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழில் பாடம் கற்கும் மாணவன் கணக்குப் போட மாட்டாதவனல்லன். கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் அவனுக்கு நேரம் தீர்ந்துவிடுகிறது. அக்குறையை நிரப்பப் பட்டணத்துக்குத் தனிப்பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் கூலிவேலை செய்பவர் அதற்கு எங்கே போவார்?

"ஆங்கிலமறியாதவன் கப்பலில் எப்படி உத்தரவிடுவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தானே ஆங்கிலத்துக்கென்று 200 மார்க்கு இருக்கிறது? அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. கணித அறிவைச் சோதிக்கும்போது மீண்டும் ஆங்கிலத்தையே சோதிப்பானேன்? இப்பரீட்சையில், கொடுத்துள்ள விடைகளில் சரியானதைக் குறிப்பதே மாணவன் வேலை. ஆகையால் கேள்வித்தாளை மொழிபெயர்த்தால் போதும். தமிழறிந்த பரீட்சகர்களைத் தேட வேண்டியதில்லை. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் பரீட்சையை 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 பிரதேச மொழிகளிலும் நடத்துகிறார்கள். காவலனுக்குத் தமிழ் தகும், தலைவனுக்குத் தகாது என்பது என்ன நீதி?

சர்க்கார் மனம் மாறும் வரையில் நாம் சும்மா இருக்கலாகாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் பயிலும் மாணவருக்கு இப்பரீட்சையைப் பற்றி ஒன்பதாம் வகுப்பிலேயே உபாத்தியாயர்கள் எடுத்துரைக்க வேண்டும். கணிதச் சொற்களைத் தமிழோடு ஆங்கிலத்திலும் பழக்க வேண்டும். பெண்களையும் மறத்தலாகாது: கடக்வாஸ்லாவில் பயின்ற முதல் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். அத்தகைய கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு நாம் சலுகை கோரவில்லை. அவனுக்குத் தெரிந்த கணக்கை அவனுக்குத் தெரிந்த மொழியில் கேளுங்கள் என்றே கோருகிறோம்.