அம்மா போடுற மாங்காய் ஊறுகாய் ‘ஃப்ரீ’ இல்லை

சித்திரை பிறந்தாச்சு, மார்க்கெட்ல கிளிமூக்கு மாங்காய் குவிஞ்சு கிடக்கு. பல வீடுகளில் மாவடு ஜாடி ஏற்கெனவே ரெடி. அடுத்தது ஊறுகாய், தொக்கு, வத்தல். ஐப்பசி அடைமழையில காய்கறி விலை ஏறும்போது தொட்டுக்க ஏதாவது இருக்கணுமேன்னு நம்ம வீடுகளில் காலங்காலமா நடக்கிற வேலை இது. இந்த சீசன்ல என்கிட்ட தவறாம வர்ற கேள்வி: “கடையில வாங்குறதை விட வீட்ல போட்டா எவ்வளவு மிச்சம்?”

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். மிச்சம் இருக்கு. ஆனா அது உங்க மிச்சம் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. 5 கிலோ மாங்காய், கிலோ 40 ரூபாய்னா 200. கல் உப்பு 20. மிளகாய்த்தூள் 400 கிராம், 140. நல்லெண்ணெய் ஒரு லிட்டர், 400. வெந்தயம், கடுகு, மஞ்சள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 820 ரூபாய். கொட்டை போய், தண்ணி வத்தி, கடைசியில 4.5 கிலோ ஊறுகாய் தேறும்னு வைங்க. கிலோ 182 ரூபாய் அடக்கம். கடையில 300 கிராம் பாட்டில் 100 ரூபாய்னா அதே 4.5 கிலோவுக்கு 1,500 ஆகும். வித்தியாசம் 680 ரூபாய்.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ஊறுகாய்ல பெரிய செலவு மாங்காய் இல்லை, எண்ணெய். மாங்காய் விலை இரண்டு மடங்கானாலும் மொத்தச் செலவு கால்பங்குகூட ஏறாது. அதனால “மாங்காய் சீப்பா கிடைச்சுது”ன்னு இன்னொரு மூட்டை தூக்கிட்டு வந்து ஊறுகாய் போடச் சொல்றது சிக்கனம் இல்லை. எண்ணெயும் மிளகாயும் ஃபுல் ரேட்லதான் வாங்கியாகணும். வத்தல் கதை வேற. அதுக்கு உப்பும் வெயிலும் போதும், கிட்டத்தட்ட முழு அடக்கமும் மாங்காய்தான். சீசன் விலையோட பலன் முழுசா கிடைக்கிறது அங்கேதான். 5 கிலோ காய வெச்சா ஒரு கிலோ தேறுறதே பெரிசு, ஆனா கார்த்திகை மாசம் வத்தக்குழம்புல நாலு துண்டு விழுந்தா அதோட மதிப்பு தெரியும். மாங்காய் மலிவா இருக்கிற வருஷம் வத்தலைக் கூட்டுங்க, ஊறுகாய் சாப்பிடுற அளவுக்கு மட்டும் போதும்.

சரி, அந்த 680 ரூபாய்க்கு வருவோம். மாங்காயைக் கழுவி ஈரமில்லாமத் துடைக்க ஒரு மணி நேரம். நறுக்க இரண்டு மணி நேரம். உப்புல போட்டு நாலு நாள் கிளறி, வெயில்ல வெச்சு எடுக்க இரண்டு. வறுத்துப் பொடிக்க ஒண்ணு. எண்ணெய் காய்ச்சி ஆறவெச்சு, கலந்து, ஜாடியில அடைச்சு, பாத்திரம் தேய்க்க இன்னொரு இரண்டு. ஆக 8 மணி நேரம். 680-ஐ 8-ஆல வகுத்தா மணிக்கு 85 ரூபாய்.

அந்த 85 ரூபாய் கூலி. உழைச்சவங்க கைக்குப் போகாததால நாம அதுக்கு ‘சேமிப்பு’ன்னு பேர் வெச்சிருக்கோம், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியாவது சம்பளத்தைக் கொடுக்காம வெச்சுக்கிட்டு அதை லாபம்னு காட்டினா நான் கையெழுத்துப் போடுவேனா?

இன்னொரு பக்கம், “என் மணி நேர ரேட் 600 ரூபாய், அதனால ஊறுகாய் போடுறது நஷ்டம்”னு சொல்ற ஐ.டி. நண்பர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்கு யாரும் 600 ரூபாய் கொடுக்கப் போறதில்லை. அந்த நேரத்துல ஓடப்போறது ஒரு வெப் சீரிஸ்தான்.

“பாசத்துக்குப் போய் விலை போடறீங்களா”ன்னு கோபப்படுறவங்களுக்கு: விலையே போடாததாலதான் இந்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாமப் போகுது. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவிடுறாங்க, ஆண்கள் 97 நிமிஷம். விபத்து நஷ்டஈட்டுக்கு இல்லத்தரசியோட உழைப்பையும் வருமானமாக் கணக்கிடணும்னு உச்ச நீதிமன்றம் 2021-ல சொல்லிச்சு. கணவர் வெளிநாட்டுல சம்பாதிச்சு வாங்கின சொத்துலயும், வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்குப் பங்கு உண்டுன்னு 2023-ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. கோர்ட்டே விலை போடும்போது நாம மட்டும் ஏன் கூச்சப்படணும்?

அதனால என் யோசனை இது. அந்த 680 ரூபாயை ஊறுகாய் போட்டவங்க பேங்க் கணக்குக்கே அனுப்புங்க. பெத்த பிள்ளை அம்மாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. அவங்க அதை எஃப்.டி.யில போட்டா வட்டி அவங்க வருமானம். மனைவிக்கு அன்பளிப்பாக் கொடுத்து எஃப்.டி. போட்டா மட்டும் வட்டி உங்க வருமானத்தோட சேரும், இந்தத் தொகைக்கு அது பெரிய விஷயமில்லை. பணம் கொடுக்க மனசு வரலைன்னா அரிவாள்மனை முன்னாடி நீங்க உட்காருங்க.

ஜாடியில ஈரக் கரண்டி போடுறதையும் நிறுத்துங்க. கொட்டை, காம்பு போறது நார்மல் லாஸ். பூஞ்சை பிடிச்சு ஒன்றரை கிலோவைக் கொட்டினா அது அப்நார்மல் லாஸ். மிச்சம் 180 ரூபாயா சுருங்கிடும், அவங்க கூலி மணிக்கு 22 ரூபாய்தான். பெரும்பாலும் அந்தக் கரண்டி போட்டவங்க ஊறுகாய் போட்டவங்களா இருக்க மாட்டாங்க!

கடைசியா, வீட்டு ஊறுகாயை விற்கிற சகோதரிகளுக்கு. “தெரிஞ்சவங்கதானே”ன்னு கிலோ 250 ரூபாய்க்குக் கொடுக்கிறீங்க. மேல சொன்ன கணக்குல அரைக் கிலோ பாட்டில் 9, ஒண்ணு 15 ரூபாய்னு சேர்த்தா, 4.5 கிலோ வித்து உங்க கையில நிக்கிறது 170 ரூபாய். மணிக்கு 21. அதே 85 ரூபாய் கூலி வேணும்னா கிலோ 363 ரூபாய்க்குக் குறைஞ்சு விற்க முடியாது, கொரியர் தனி. சின்ன அளவுல விற்கிறவங்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் தேவையில்லை, ரிஜிஸ்ட்ரேஷன் போதும். ஆன்லைன்லயே போடலாம், அதைப் பண்ணாம விற்காதீங்க.

இந்தக் கணக்கோட எக்ஸெல் ஷீட் வீடியோவுக்குக் கீழ இருக்கு. ‘வேலை செய்தவர்’னு ஒரு கட்டம் வெச்சிருக்கேன், அதையும் காலியா விடாதீங்க.